நாட்டின் ஐந்தொகை

அம்பாறை மாவட்டத்தின் வடகோடியிலே, கிழக்கே கடலும் மேற்கே வயலும் வாவியுமாக எல்லை வகுத்துக் கிடக்கும் ஊர் பெரியநீலாவணை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில் தெற்கு நோக்கிச் சிறிது நடந்தால் மருதமுனை வந்துவிடும். முன்னதில் தமிழர் மிகுதி. பின்னது முஸ்லிம்களின் ஊர். இரண்டுக்கும் காற்று ஒன்று, கடல் ஒன்று, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை தந்த துயரும் ஒன்று. மாலை வேளையில் காற்று தெற்கிலிருந்து வீசுமானால், இரைச்சல் அடங்கிய பொழுதில், மருதமுனைத் தறியின் ஓசை என் வீட்டு விறாந்தை வரையில் வருவதுண்டு.

பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த விறாந்தையிலேதான் உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்குப் பொருளியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஒரு நாள் வர்த்தக நிலுவை என்னும் பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். ஏற்றுமதியைவிட இறக்குமதி மிகுந்தால் பற்றாக்குறை. அது நாட்டுக்கு நல்லதன்று என்று பாடநூற் பாணியில் சொல்லி முடித்தேன். வாசலில் வாங்குப் பலகையில் அமர்ந்திருந்த மருதமுனைக் காக்கா, அரை நூற்றாண்டுக்கு மேல் தறியில் இருந்தவர், தொண்டையைச் செருமினார்.

"மாஸ்டர், நான் இந்தியாவில இருந்து வாற நூலை வாங்கித்தான் சாரன் நெய்யிறன். நூலுக்குக் காசு வெளிய போகுதுதானே. அப்ப நானும் நாட்டுக்குக் கேடு செய்யிறனா?"

மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கற்பித்த பாடத்தில் ஓர் ஓட்டை இருப்பதை அந்தக் கேள்வி காட்டிவிட்டது. அன்று அவருக்கு நான் சொன்ன விடை அரைகுறையானது. எஞ்சியதை எழுதிப் பார்க்கவே இக்கட்டுரை.

வர்த்தகப் பற்றாக்குறை என்ற சொல்லைக் கேட்டவுடன் ஏதோ களவு போய்விட்டது போன்ற உணர்வு தோன்றுவது இயல்பே. ஆயினும் ஒரு வீட்டுக் கணக்கை எண்ணிப் பாருங்கள். போடியார் ஒருவர் பெரும்போகத்துக்கு முன் விதைநெல்லும் உரமும் கடனுக்கு வாங்குகிறார். அந்த மாதத்தில் அவர் வீட்டுக் கணக்கு பற்றாக்குறையில்தான் நிற்கும். அறுவடை வந்ததும் கடன் தீரும், களஞ்சியமும் நிறையும். அவருடைய அயலவர் ஒருவர் அதே தொகையைக் கடனாகப் பெற்று மகளின் திருமணத்தை ஊர் மெச்ச நடத்துகிறார். அவர் கணக்கிலும் அதே பற்றாக்குறைதான். ஏட்டில் இரண்டும் ஒரே இலக்கம். வாழ்வில் இரண்டும் வேறு வேறு. எவ்வளவு குறைந்தது என்பதோடு எதற்காகக் குறைந்தது என்பதையும் கேட்டால்தான் கணக்கு பேசத் தொடங்கும்.

வருவாய் வரும் வழி சிறிதாயிருந்தாலும் செலவு போகும் வழி அகலாதிருக்குமானால் கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் என்ற அதிகாரத்திலே வைத்தார். அரசன் பகைமேற் செல்லுமுன் தன் வலிமையை அறியும் பகுதி அது. பொருட்கணக்கை அவர் வலிமைக் கணக்காகவே கண்டார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

இனி நம் நாட்டின் கதைக்கு வருவோம். சுதந்திரம் பெற்ற காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றிலிருந்தே வந்தது. உண்ணும் அரிசியின் பெரும்பகுதியோ கடல் கடந்து வந்தது. விற்பது மூன்று பொருள், வாங்குவது உணவு. விற்கும் பொருளின் விலை எங்கோ தீர்மானிக்கப்படும். வாங்கும் உணவின் விலையும் எங்கோ தீர்மானிக்கப்படும். இடையில் நிற்பவனுக்குத் தன் கையில் எதுவுமில்லை.

கொரியப் போர் மூண்டபோது இறப்பர் விலை ஏறிற்று, நாடு மகிழ்ந்தது. 1952இல் அது விழுந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் பீக்கிங் நகரிலே இறப்பர்–அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வர்த்தக அமைச்சராயிருந்த ஆர். ஜி. சேனநாயக்க அதை முன்னின்று நடத்தினார். ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது, இவ்வாறே ஐந்தாண்டுகள் தொடர்வது என்பது ஏற்பாடு. அன்று இலங்கைக்கும் சீனாவுக்கும் முழுமையான இராசதந்திர உறவுகூட இல்லை; அது 1957இலேதான் ஏற்பட்டது. இறப்பரைப் போர்ப் பண்டமாகக் கருதிய அமெரிக்கா சினந்து, பொருளுதவியை மறுத்தது. எனினும் சந்தை விலைக்கு மேல் இறப்பரை விற்று, சந்தை விலைக்குக் கீழ் அரிசியை வாங்கிய அந்தச் சிறிய நாட்டின் துணிவை இன்றும் வியக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஒப்பந்தம்கூட வீட்டுக் கணக்கை நேராக்கவில்லை. வெளிநாட்டு ஒதுக்கு கரைந்தது. வரவு செலவுத் திட்டம் தளர்ந்தது. 1953இல் அரிசி மானியம் வெட்டப்பட, ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் எழுந்தது, உயிர்கள் மாண்டன, பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி துறந்தார். வெளிநாட்டுக் கணக்கில் விழுந்த ஓட்டை ஏழையின் சோற்றுக் கோப்பையில் வந்து திறக்கும் என்பதை இந்நாடு முதன்முதலாக அறிந்த ஆண்டு அது. பின்னர் அதைப் பல தடவை மறந்தது. பல தடவை மீண்டும் அறிந்தது.

அந்த ஒதுக்கு நல்ல நிலையில் இருந்த நாட்களில் ஆன ஒரு காரியத்தை நம் பகுதி மக்கள் மறக்கலாகாது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அணையைக் கட்டியது மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம். அவர்கள் இயந்திரத்தோடு வந்தார்கள். கூலி பெற்றுக்கொண்டு போனார்கள். அணை இங்கே நின்றது. அதன் நீர் இன்றும் இம்மாவட்டத்து வட்டைகளில் பாய்கிறது. அக்குடியேற்றத் திட்டம் இனங்களுக்கிடையே விதைத்த கசப்பு வேறு வரலாறு; அதை இல்லையென்பார் இலர். வெளிநாட்டு அறிவையும் பொறியையும் விலைகொடுத்து வாங்கி, விளைவை நம் மண்ணில் நிறுத்திக்கொள்ள முடியும் என்பதற்கு மட்டும் அதை இங்கே சான்றாகக் கொள்கிறேன்.

1960களின் தொடக்கத்திலிருந்து கதை இறுகியது. ஒதுக்குக் குறைய, 1961 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. வெளிநாட்டு எண்ணெய்க் கொம்பனிகளின் சொத்துக்கள் அரசுடைமையாயின. நட்டஈடு பற்றிய பிணக்கால் 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1965இலேதான் அது தீர்ந்தது. அந்த ஆண்டிலேயே இலங்கை முதன்முறையாகப் பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவி ஏற்பாட்டுக்குள் புகுந்தது. 1967இல் ரூபாவின் பெறுமதி இருபது வீதம் இறக்கப்பட்டது.

இவ்விடத்தில் மருதமுனைக் காக்காவின் வாழ்க்கை உள்ளே வருகிறது. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் இறக்குமதிக் கதவு ஏறத்தாழ அடைக்கப்பட்டது. வெளிநாட்டுப் புடைவை வராதபோது உள்நாட்டுத் தறிக்கு வாழ்வு வந்தது. "அந்தக் காலத்தில எங்கட தெருவில தறி இல்லாத வீடு எது எண்டு தேடணும் மாஸ்டர். பாவு ஓட்டுறதுக்கு ஒழுங்கையில இடம் பத்தாது. கொழும்பு யாவாரி வாசல்ல வந்து நிப்பான்" என்று அவர் சொல்வார். சாரன், சேலை, படுக்கைவிரிப்பு என நெய்தது நெய்தபடி விலையாயிற்று. பெண்கள் நூல் சுற்றினர். சிறுவர் பள்ளி விட்டு வந்து தார் சுற்றினர். நாடா ஓடிய வீட்டில் அடுப்பும் எரிந்தது.

அக்காலத்தின் மறுபக்கத்தை நானும் பார்த்தவன். சங்கக் கடையில் கூப்பனோடு வரிசையில் நின்றிருக்கிறேன். பாணுக்காக விடியுமுன் எழுந்திருக்கிறேன். அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோவதே குற்றமாயிருந்தது. தெருவிலே தடைபோட்டுப் பைகளைச் சோதித்தார்கள். தறிக்குக் கிடைத்த காவல் உண்ணுகிற வயிற்றின் செலவில் கிடைத்த காவல். மேலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: போட்டியே இல்லாத சந்தையில் துணியின் நெருக்கம் குறைந்தாலும் சாயம் கரைந்தாலும் வாங்குவோருக்கு வேறு வழியில்லை. இதையும் காக்காவே ஒப்புக்கொண்டார்.

1977இல் கதவு திறந்தது. ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் இறக்குமதியைத் தளர்த்தி, டொலரின் விலையை ஏறத்தாழ 16 ரூபாவாக ஒருமுகப்படுத்தியது. இயந்திரத் தறியில் நெய்த மலிவான புடைவை துறைமுகத்தில் வந்து குவிந்தது. வாங்குவோருக்கு அது விடுதலை, மறுக்க இயலாது. என் தங்கைக்கு முதன்முறையாகத் தான் விரும்பிய நிறத்தில் சேலை கிடைத்தது. ஆனால் அந்தச் சேலையின் விலைக்கு மருதமுனையில் ஒரு தறி ஓய்ந்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் எண்ணவில்லை. பின்னர் போர் வந்தது, தெருக்கள் அடைபட்டன, நூல் வருவதும் துணி போவதும் அரிதாயின. அதன்பின் கடல் வந்தது. இத்தனைக்கும் பிறகு தறியோசை கேட்கும் வீடுகள் மருதமுனையில் இன்றும் உண்டு என்பதே அம்மக்களின் பெருமை.

திறந்த கதவினூடே வெளிநாட்டு முதலீடும் வந்தது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. தேயிலை நாடு ஆடை நாடாயிற்று. இன்று நம் பண்ட ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடைகளிலிருந்து வருகிறது. கிராமத்துப் பெண்கள் இலட்சக்கணக்கில் வேலை பெற்றார்கள். வெளிநாட்டார் கற்றுக்கொடுத்த தொழிலை நம்மவர் தாமே நடத்தவும் கற்றார்கள். இது சிறிய பேறன்று. ஆயினும் ஒரு சட்டையை நூறு ரூபாவுக்கு விற்றால் அதில் துணிக்கும் நூலுக்கும் பொத்தானுக்குமாகக் கணிசமான பங்கு மீண்டும் வெளியே போய்விடும். உள்ளே நிற்பது நம் உழைப்பும், நாம் இங்கே செய்துகொண்ட பகுதியுமே. பொருளியலார் இதைச் சேர்பெறுமதி என்பர். ஏற்றுமதித் தொகையைப் பார்த்து மகிழ்வதற்குமுன் சேர்பெறுமதியைக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதனுள் குறைந்தது மூன்று சாதிகள் உண்டு. தொழிற்சாலை கட்ட வரும் பணம் ஒன்று: ஆலை நட்டப்பட்டால் நட்டம் வந்தவனுக்கும் உண்டு. ஒரு குறித்த வேலைக்குக் கடனாக வரும் பணம் இரண்டாவது: வேலை பலித்தாலும் பலிக்காவிட்டாலும் கடன் கடனே. எந்த வேலைக்கும் கட்டுப்படாது சந்தையில் திரட்டப்படும் பிணைமுறிப் பணம் மூன்றாவது: தவணை நாளில் முழுத்தொகையும் டொலராகக் கேட்கும். இலங்கை 2007இல் முதன்முறையாக 50 கோடி டொலர்ப் பிணைமுறியைப் பன்னாட்டுச் சந்தையில் விற்றது. அதன்பின் அதுவே பழக்கமாயிற்று.

இரண்டாவது சாதிக்குச் சான்று தேடி நான் அம்பாந்தோட்டை வரை போக வேண்டியதில்லை. அந்தத் துறைமுகம் 2017இல் 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனமொன்றின் கைக்குப் போன கதையை உலகமே பேசிவிட்டது. என் வீட்டிலிருந்து தெற்கே, கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் நிந்தவூரும் கடந்தால் ஒலுவில். அங்கே டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு கட்டிய துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. இப்பகுதிக்கு ஒரு துறைமுகம் வேண்டுமென்பது மறைந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃப் கண்ட கனவு. கனவில் பிழையில்லை. ஆனால் கடலின் நீரோட்டத்தோடு மணலும் நகர்கிறது என்பதை அலைதடுப்புச் சுவர் மதிக்கவில்லை. சுவரின் ஒரு புறம் மணல் சேர்ந்து வாயிலை அடைத்தது. மறுபுறம் கடல் கரையைத் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்ததையும், கரைவலை இழுத்த இடம் நீருக்குள் போனதையும் மீனவர் காட்ட நான் கண்டிருக்கிறேன். கடன் வாங்கியது பிழையென்று சொல்ல மாட்டேன். மண்ணையும் மணலையும் அறிந்தவனிடம் கேளாமல் வாங்கிய கடன், நம்முடைய ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில் ஏறாமல் பொறுப்புப் பக்கத்தில் மட்டும் ஏறிவிடும்.

இனி 2022. அதை நான் பாடமாகச் சொல்வதைவிடச் சாட்சியாகச் சொல்வதே நேர்மை.

2021இல் நம் ஏற்றுமதி 1,250 கோடி டொலர். இறக்குமதி 2,060 கோடி. பற்றாக்குறை 810 கோடி. இத்தகைய பள்ளத்தை ஆண்டுதோறும் நிரப்பி வந்தவர் இருவர்: உல்லாசப் பயணிகளும், வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பும் 2020இன் கொள்ளை நோயும் முதலாமவரை விரட்டின. 2019 இறுதியில் வரிகளைப் பெருமளவு குறைத்ததால் அரசின் வருவாயும் சரிந்தது. கடன் கொடுப்போர் நம்பிக்கை இழந்தனர், தவணைகளோ நின்றுகொண்டிருந்தன. உர இறக்குமதிக்குப் போகும் டொலரை மிச்சம்பிடிப்பதும் ஒரு நோக்கமாக 2021இல் இரசாயன உரம் ஒரே நாளில் தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. ஆயினும் அந்தப் பெரும்போகத்தில் இம்மாவட்டத்து வட்டைகளில் பயிர் மஞ்சள் பூத்து நின்றதை மறக்க முடியாது. உரத்தில் மிஞ்சிய டொலருக்கு மேலாக, அடுத்த ஆண்டு அரிசிக்கே டொலர் கொடுக்க வேண்டியதாயிற்று. கணக்கை ஒரு பத்தியில் மட்டும் பார்ப்பவனுக்கு வரும் தண்டனை இது.

என் மகன் கட்டார் நாட்டில் வேலை செய்கிறான். 2021இன் பிற்பகுதியில் வங்கி ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா தந்தது. உண்டியற்காரர் 240 ரூபா வரையில் தந்தார்கள். மகன் தொலைபேசியில் கேட்டான்: "அப்பா, உண்டியல்ல போடட்டா?" பொருளியல் கற்பித்த நான் ஒரு கணம் தயங்கினேன். 300 டொலருக்கு 12,000 ரூபா மேலதிகம். "போடு" என்றேன். ஒரு தடவையன்று, பல தடவை. காசு வீட்டு வாசலுக்கே வந்தது. அந்த டொலரோ நாட்டுக்குள் வரவேயில்லை; வெளியிலேயே வேறு யாருக்கோ கைமாறிற்று. என்னைப் போல் எத்தனை பேர்! 2020இல் 710 கோடி டொலராக வங்கி வழி வந்த பணம் 2021இல் 550 கோடியாயிற்று. 2022இல் 380 கோடிக்கும் குறைந்தது. செயற்கையான விலையில் ரூபாவைப் பிடித்து வைத்திருந்த கொள்கையே முதற் குற்றவாளி என்று இன்றும் சொல்வேன். அது என் பங்கைக் கழித்துவிடாது.

2022 மார்ச்சில் ரூபா விடுபட்டது. சில வாரங்களில் ஒரு டொலர் 350 ரூபாவையும் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் தற்காலிகமாகச் செலுத்த இயலாது என்று நாடு அறிவித்தது. 2019 இறுதியில் ஏறத்தாழ 760 கோடி டொலராயிருந்த ஒதுக்கில், கையில் எடுத்துச் செலவிடக்கூடியது 5 கோடிக்கும் குறைந்துவிட்டதென்று மே மாதத்தில் நிதியமைச்சரே சொன்னார். வங்கிகளிடம் நாணயக் கடிதம் திறக்க டொலர் இல்லை. எண்ணெய் இல்லை, எரிவாயு இல்லை, மருந்து இல்லை. என் மனைவி நாள்தோறும் உட்கொள்ளும் ஒரு மாத்திரைக்காகக் கல்முனைக் கடைத்தெரு முழுதும் சைக்கிளில் அலைந்தேன். மூன்றாம் நாள் மாலையில் மருதமுனைக் காக்கா படியேறி வந்தார். அவரும் அதே மாத்திரை உட்கொள்பவர். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். நடுவில் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. பாதியை என் கையில் வைத்தார்.

"இது முடிஞ்சா என்ன செய்வீங்க காக்கா?"

"முடியட்டும், பாப்பம். தங்கச்சிக்குக் குடுங்க."

அந்தப் பாதி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உண்டியலில் நான் பெற்ற மேலதிக ரூபாவை எண்ணிப் பார்த்தேன். என் வீட்டுக்கு வராத மாத்திரையின் விலை அதற்குள் இருந்தது. அவருடைய மீதிப் பாதி அட்டையின் விலையும் இருந்தது.

அதன்பின் நிகழ்ந்தவை அறிந்தவையே. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. 2023 மார்ச் 20ஆம் நாள் நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் ஏற்பாட்டுக்கு இணங்கியது. 1965 முதல் எண்ணினால் அது பதினேழாவது. அதே ஆண்டில் ஓர் அதிசயமும் நடந்தது: 1977க்குப் பின் முதன்முறையாக நாட்டின் நடைமுறைக் கணக்கு மிகையாயிற்று.

மிகை என்றதும் மகிழலாமா? காய்ச்சலில் கிடப்பவன் பத்து நாள் உண்ணாதிருந்தால் அவன் வீட்டுச் செலவு குறையும். அதைச் செல்வம் என்று எவரும் சொல்லார். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. விலை ஏற்றத்தால் மக்கள் குறைவாக உண்டார்கள், குறைவாகப் பயணம் செய்தார்கள், பிள்ளைகளின் பாலைக் குறைத்தார்கள். அந்தக் குறைவின் ஒரு பகுதியும் மிகையாக ஏட்டில் ஏறியது. மறுபக்கத்தில், பிள்ளைகள் மீண்டும் வங்கி வழியே பணம் அனுப்பினார்கள், பயணிகள் திரும்பினார்கள், இது உண்மையான தேறுதல். 2024இல் பண்டக் கணக்கில் பற்றாக்குறை மீண்டும் 600 கோடி டொலரைத் தாண்டியது; அவ்வாண்டு நம் பிள்ளைகள் அனுப்பியது ஏறத்தாழ 658 கோடி. ஒரு நாட்டின் பள்ளத்தைத் தாயையும் மனைவியையும் பிரிந்து பாலைவெயிலில் நிற்கும் மனிதர் நிரப்புகிறார்கள். ஐந்தொகையில் அந்தப் பிரிவுக்கு ஒரு பத்தியும் இல்லை.

பெரிய நாடுகளும் இக்கணக்கைப் பிழையாகப் படிப்பதுண்டு. 2025 ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்க அரசு இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்தது. அது பெறப்பட்ட முறை யாதெனில், நம்மோடு அந்நாட்டுக்குள்ள பற்றாக்குறையை நம்மிடம் அது வாங்கும் பொருளின் பெறுமதியால் வகுத்து, வந்த வீதத்தைப் பாதியாக்கியதே. பின்னர் பேசிப் பேசி அது 20 வீதமாகக் குறைக்கப்பட்டது. நம் பெண்கள் தைத்த சட்டையை விரும்பி வாங்கி அணிந்தவர், வாங்கியதையே குற்றமாகக் கொண்டார். பற்றாக்குறை என்றாலே களவு என்று எண்ணும் மயக்கம், என் விறாந்தை வகுப்பில் தொடங்கி வெள்ளை மாளிகை வரை பரந்திருக்கிறது.

அங்ஙனமாயின் ஒரு நாட்டின் பொருளாதார ஆரோக்கியத்தை எதைக் கொண்டு அறிவது? மூன்று கேள்விகள் போதுமென்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே போன பணம் விதையாய்ப் போயிற்றா, விருந்தாய்ப் போயிற்றா? உள்ளே வந்த பணம் திரும்பிப் போகும்போது இங்கே எதை விட்டுச் செல்லும்: கற்ற தொழிலையா, வெறும் தவணைச் சீட்டையா? தீய காலம் வரும்போது மருந்துக்கும் சோற்றுக்கும் எடுக்கக் கையில் சிறிது இருக்குமா? இம்மூன்றுக்கும் நல்ல விடை தரும் நாடு பற்றாக்குறையிலும் நலமாயிருக்கும். தராத நாடு மிகையிலும் நோயாளியே.

அடுத்த வகுப்பன்று காக்காவை மாணவர் நடுவே அமர்த்தி அவருடைய கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். நூலும் சாயமும் வெளியிலிருந்து வருகின்றன, அது இறக்குமதி. பாவு ஓட்டியவரின் கூலி, தார் சுற்றிய பேத்தியின் கைச்செலவு, நெய்தவரின் உழைப்பு, விற்ற கடைக்காரரின் இலாபம், இவையெல்லாம் இங்கே நிற்கின்றன. நெய்த சாரன் இங்கேயே உடுக்கப்பட்டால் வெளியிலிருந்து ஒரு சாரன் வருவது குறைகிறது. கூட்டிப் பார்த்தபோது, நூலுக்குப் போனதைவிட ஊரில் நின்றது கூட. மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியென்றால் சேர், நூலையும் இங்கேயே நூற்றால்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பருத்தி எங்கே விளையும், ஆலைக்கு மின்சாரம் என்ன விலை, நம் நூல் இந்திய நூலின் தரத்துக்கும் விலைக்கும் வருமா என்று அவளிடமே திருப்பிக் கேட்டேன். அடுத்த கிழமைக்குள் விசாரித்து வருவதாகச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

காக்கா எழுந்து சாரனை உதறிக் கட்டிக்கொண்டார். "அப்ப நான் கேடு செய்யல்ல" என்றார்.

"இல்லை காக்கா. உண்டியலில் வாங்கின நான்தான் செய்தேன்."

அவர் ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார். என் மகன் இப்போது வங்கி வழியே அனுப்புகிறான். கல்முனைக்குப் போய் வரிசையில் நின்று அதைப் பெற்று வரும் நாட்களில், கடைத்தெருவில் அந்த மாத்திரை அட்டை முழுதாகக் கிடைக்கிறதா என்று ஒரு தடவை விசாரித்துவிட்டே வீடு திரும்புகிறேன்.